கறுப்பு முனையில் என்ன இருந்தது

ஜெலாப்பாங்
6.5.2024

பவித்ரன் எலெக்ட்ரிக்கல் சர்வீஸ் உரிமையாளருக்கு,

இது கம்பெனிக் கடிதம். தங்கை எழுதுகிறாள் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.

பெட்டிக்குள் இருப்பது எங்கள் பரிசோதனை அறையின் ஆடியோ அனலைசர். நாங்கள் செய்யும் சின்ன மேசை ரேடியோக்களில் சத்தம் சுத்தமாக வருகிறதா, எத்தனை சதவீதம் கெட்டு வருகிறது என்று அளந்து சொல்லும் கருவி. வயது முப்பது. இதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. இந்த மாதிரிப் பழசைத் திறந்து பார்க்கத் துணிந்த ஆள் பேராக் மாநிலத்தில் யார் இருக்கிறார் என்று எங்கள் மேலாளர் லோ விசாரித்திருக்கிறார். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்களாம். அந்தப் பெயரைத் தாளில் பார்த்தபோது நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். உங்களைத் தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

கோளாறு இதுதான். இன்புட்டில் ஒன்றும் மாட்டாமல் சும்மா வைத்திருந்தாலும் திரையில் எண் துள்ளுகிறது. மேசையைத் தட்டினால் இன்னும் துள்ளுகிறது. சில நாள் நல்ல பிள்ளையாக இருக்கிறது. இன்புட் போர்டில்தான் ஏதோ என்பது என் ஊகம். கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

வாட்சாப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் என் எண்ணை நீங்கள் முடக்கி இந்த ஆடி மாதத்தோடு இரண்டு வருடம். லோவின் போனிலிருந்து அனுப்பவும் மனம் வரவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும். பதிலைத் தபாலில் போடுங்கள். கருவியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். சிம்பாங் பூலாய் கோயில் விஷயம் வேண்டாம்.

தினேஸ்வரி
பரிசோதனை அறை

பி.கு. கண்ணாடி மாற்றினீர்களா? இந்தப் போர்டில் எழுத்துகள் மிகச் சிறியவை.


ஆயர் தாவார்
15.5.2024

பரிசோதனை அறை தினேஸ்வரி அவர்களுக்கு,

கம்பெனிக் கடிதம் கிடைத்தது. கம்பெனிகள் இப்போதெல்லாம் கண்ணாடியைப் பற்றியும் விசாரிக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். மாற்றிவிட்டேன்.

பெட்டி வந்தபோது நான் கடையில் இல்லை. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் கையெழுத்துப் போட்டு வாங்கி, ரொட்டி சானாய் மாவு பிசையும் மேசையின் ஓரத்தில் வைத்திருந்தார். "என்ன பவி, இவ்ளோ பெராட்டா கனக்குது, ஓவன் வாங்கிட்டியா?" என்றார். மாடிக்கு இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போனோம். மாவைத் துடைக்கவே எனக்கு அரை நாள் ஆனது.

கருவியைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். 'அவர்கள்' மரியாதையை மேலே ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது, இனி வராது.

சிக்னல் எந்த வழியாக உள்ளே போகுமோ அதே வழியாக நானும் போனேன். முன்னால் இரண்டு முனை, சிவப்பு, கறுப்பு. இரண்டுக்கும் உள்ளே தனித்தனி வழி இருக்கிறது. முதலில் ஒரு கப்பாசிட்டர். அது நேர்மின்னோட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஆடும் சத்தத்தை மட்டும் உள்ளே விடுகிறது. அடுத்து ரெசிஸ்டர் வரிசை, நடுவே குட்டிக் குட்டி ரிலே. பெரிய சிக்னல் வந்தால் வெட்டிச் சின்னதாக்கித் தாங்குகிற அளவுக்குக் கொண்டுவரும். நீ அளக்கும்போது 'டக் டக்' என்று கேட்குமே, அது இந்த ரிலேக்கள்தான். இந்த வரிசை மொத்தம் ஒரு லட்சம் ஓம். அதாவது அளக்கப்படுகிற பொருளிடமிருந்து இது எடுத்துக்கொள்வது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. நல்ல இன்புட் அப்படித்தான் இருக்க வேண்டும். நலம் விசாரிக்கப் போன வீட்டில் சோற்றுப்பானையைக் காலி செய்துவிட்டு வரக் கூடாது.

அதற்கும் அடுத்து காவலுக்கு இரண்டு டையோடு. கடைசியில் சிவப்பிலிருந்து கறுப்பைக் கழிக்கும் பகுதி. இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி ஏறியிருக்கும் இரைச்சல் அங்கே கழிந்துபோகும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். செய்தவன் கெட்டிக்காரன். இதில் எதுவுமே கெடவில்லை.

கெட்டது ஓரமாக இருக்கிறது. முன்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு நிலையில் கறுப்பு முனை சிவப்பைப் போலவே எதையும் தொடாமல் மிதக்கும். மறு நிலையில் கறுப்பு முனை கருவியின் உடம்போடு சேர்ந்து, அங்கிருந்து சுவர் எர்த்துக்குப் போய்விடும். இந்த இரண்டாவது நிலைக்காக போர்டில் ஒரு செம்புக் கோடு ஓடுகிறது, மீஹூன் சேமியா இழையின் தடிமன்தான் இருக்கும். அது நடுவில் கருகி மயிரிழை அளவுக்கு விட்டிருக்கிறது. தட்டினால் ஒட்டும், தட்டினால் விடும். உன் எண் துள்ளுவது அதனால்.

சுவிட்சின் மேல் மஞ்சள் டேப். அதில் மலாயில் 'மாற்றாதே' என்று கொட்டை எழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும், அதை ஆனா ஆவன்னாவிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். டேப் எப்போது ஒட்டப்பட்டது? உங்கள் மேசை ரேடியோ தலைகீழாக நின்றாலும் இந்தக் கோட்டைக் கருக்காது. அப்படியானால் கறுப்பு முனை வழியாக இவ்வளவு கரண்டை உள்ளே அனுப்பியது எது? யோசித்து எழுது. அவசரம் இல்லை.

பவித்ரன்


ஜெலாப்பாங்
21.5.2024

அண்ணனுக்கு,

உங்கள் கேள்வி எங்கே போய் முட்டுகிறது என்று எனக்குத் தெரிகிறது. கோயில் விஷயம் வேண்டாம் என்று எழுதியும் கொல்லைப்பக்கமாக வந்து நிற்கிறீர்கள்.

டேப் ஒட்டியது நான்தான், 2019இல். வேலை செய்கிறவர்களின் முழங்கை பட்டுப் பட்டு அந்த சுவிட்ச் மாறிவிடும். எண் ஆடும். ரேடியோ கெட்டது என்று தள்ளிவிடுவார்கள். ஒரே நாளில் நாற்பது நல்ல ரேடியோ குப்பைக்குப் போனது. எங்கள் ரேடியோ எல்லாவற்றிலும் கறுப்பு என்றால் எர்த். அதனால் எர்த் நிலையில் வைத்து டேப்பை ஒட்டினேன். லோ எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். ஒரு வருடத்தில் அங்கே சுவிட்ச் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோனது, என்னையும் சேர்த்துத்தான்.

ரேடியோவைத் தவிர அந்த மேசையில் ஏறியது ஒன்றே ஒன்று. நீங்கள் கோயிலுக்குக் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்.

அளந்த அன்றைக்கு நீங்கள் அங்கே இல்லை, தெலுக் இந்தானில் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். திருவிழா ஒத்திகையில் உங்கள் ஆம்ப் கர்கர் என்று இரைகிறது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. செயலாளர் கனகராஜ் அண்ணன் உங்களிடமே கேட்டார், உங்கள் தங்கையே அளந்து சொல்லட்டும் என்று. நீங்களும் சரி என்றீர்கள். ஒரு சனிக்கிழமை லோவுக்குத் தெரியாமல் அவரும் நானும் அதைப் பரிசோதனை அறைக்குள் கொண்டுபோனோம். சிவப்பில் சிவப்பை மாட்டினேன், கறுப்பில் கறுப்பை மாட்டினேன். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை, ஆம்பிலிருந்து புகை வந்தது. கனகராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான், "உள்ள வேல சரியில்லண்ணே. கூட்டத்துல எரிஞ்சிருந்தா என்னாயிருக்கும்?" என்றேன். அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

பார்த்ததைத்தான் எழுதினேன். அண்ணன் என்பதற்காக வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டுமா?

கருவியைச் சரிசெய்து அனுப்பிவிடுங்கள்.

தினேஸ்வரி


ஆயர் தாவார்
30.5.2024

தினேஸ்,

கருவியை இதோடு அனுப்பியிருக்கிறேன். கருகிய கோட்டுக்கு மேலே புதுச் செம்பு ஒயர் ஒன்று போட்டிருக்கிறேன். கருகிய இடத்தைச் சுரண்டவில்லை. மூடியைத் திறந்து நீயே பார்.

சாதாரண ஆம்பில் ஸ்பீக்கரின் கறுப்பு ஒயர் எர்த்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். சிவப்பு மட்டும்தான் தள்ளும், இழுக்கும். திறந்தவெளிக் கூட்டத்துக்கு அந்த பலம் போதாது. அதனால் நான் கட்டியது பிரிட்ஜ். உள்ளே இரண்டு ஆம்ப். சிவப்பு தள்ளும்போது கறுப்பு இழுக்கும், கறுப்பு தள்ளும்போது சிவப்பு இழுக்கும், மரம் அறுக்க இரண்டு பேர் பிடிக்கும் ரம்பம் மாதிரி. அதில் கறுப்பும் உயிரோடு இருக்கும் முனை. அதைக் கொண்டுபோய் எர்த்தில் கட்டினால் உள்ளே இருக்கும் ஆம்பில் ஒன்று தன் பலம் முழுவதையும் பூமிக்குள் கொட்டும். அந்தச் சில விநாடி தாங்கியதே பெரிது. அது கொட்டிய கரண்ட் உன் கறுப்பு முனை வழியாக, உன் டேப்புக்குக் கீழே, அந்த மீஹூன் கோட்டில் ஓடியிருக்கிறது. போகிற வழியில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஒரு லட்சம் ஓம் வைத்து, சிட்டிகைகூட எடுக்காமல் அளக்க வேண்டும் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்துச் செய்த இன்புட். அதன் பக்கத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்து டேப்பும் ஒட்டியிருந்தாய். அளந்ததும் நீ. கொன்றதும் நீ. செத்ததற்குக் காரணம் எழுதிக் கொடுத்ததும் நீ.

எனக்குக் கோபம் இருக்கிறது, தினேஸ். இல்லை என்று எழுதினால் பொய். எஸ்டேட் கைமாறி, லயத்து வீடுகளெல்லாம் இடிந்து, நம் ஜனங்கள் ஈப்போ முழுக்கச் சிதறிப்போன பிறகும் எல்லோரும் ஓரிடத்தில் ஒன்றாகக் கூடுவது அந்தக் கோயிலில்தான். அங்கே பெயர் போனால் ஜெலாப்பாங்கிலும் போச்சு, புந்தோங்கிலும் போச்சு. 'சொந்தத் தங்கச்சியே சொல்லிட்டா' என்று என் காதுபடப் பேசினார்கள். அந்த 'சொந்த' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்க முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன். இரண்டு வருடமாக ரைஸ் குக்கரும் மின்காற்றாடியும் பழுது பார்க்கிறேன். ஒரு ஆம்ப்கூடக் கட்டவில்லை.

பவித்ரன்


ஜெலாப்பாங்
9.6.2024

அண்ணே,

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு மூடியைத் திறந்தேன். உங்கள் புது ஒயருக்குக் கீழே அந்தப் பழுப்புத் தழும்பு இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். உங்கள் சாலிடரிங் கண்ணாடி மாதிரி இருந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

உடனே நம்பிவிடவில்லை. ஒரு பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் ஆம்ப் எவ்வளவு தரும், சுவர் எர்த் வழியாகத் திரும்ப எவ்வளவு போகும், அந்தக் கோடு எவ்வளவு தாங்கும் என்று. மூன்று விதமாகப் போட்டேன். மூன்றிலும் நீங்கள் சொன்னதுதான் வந்தது. வேறு மாதிரி வரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான்தான் எரித்தேன். உங்கள் வேலையில் குறை என்று நான் எழுதிக் கொடுத்தது தப்பு. எண் திரையில் வருவதற்கு முன்னாலேயே புகை வந்துவிட்டது. நான் எதையும் அளக்கவே இல்லை. அளக்காமலே ஒரு முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கனகராஜ் அண்ணன் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பரிசோதனை அறைக்காரி அல்லவா நான்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதப் பேனா வருகிறது, மனம் தயங்குகிறது. சும்மா கேட்டு வாங்குகிற பொருளா அது?

லோவிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை, கோயில் ஆம்ப், டேப், எல்லாம். அரை மணி நேரம் கத்தினார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார், இன்னொன்று வந்தால் வேலை இல்லை. டேப்பை நானே அவர் முன்னால் உரித்தேன். பிறகு, புது அனலைசர் வரப்போகிறது, இந்தக் கிழட்டுச் சனியனை என் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோ என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், சமையல் மேசையில் இருக்கிறது.

இருபத்துமூன்றாம் தேதி ஞாயிறு கமிட்டிக் கூட்டம். போய்ச் சொல்லப்போகிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் போவேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தங்கை
தினேஸ்


ஆயர் தாவார்
15.6.2024

தினேஸ்,

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் என் பக்கத்தில் இருப்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நாளாக எழுதவும் கிழிக்கவுமாக இருந்தேன்.

ஆம்ப் பெட்டி கடையில் வாங்கியது. பின்பக்கம் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு முனையோடு வந்தது. அதை அப்படியே மாட்டினேன். பிரிட்ஜ் கட்டுகிறவன் இரண்டையும் சிவப்பாகப் போட வேண்டும், இல்லையென்றால் 'எர்த் அல்ல' என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. நான்தானே கட்டுகிறேன், நான்தானே மாட்டப்போகிறேன் என்ற மெத்தனம். கறுப்பு என்றால் எர்த் என்று நீ நினைத்தாய். நினைக்க வைத்தது நான் போட்ட கறுப்பு.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் கஷ்டம். புகை வந்தது என்று கனகராஜ் போனில் சொன்ன நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்தது. அளக்கும் கருவி எர்த்தில் இருந்திருக்குமோ என்று. உனக்கு ஒரு போன் அடித்து, சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் முடிந்தது. கேட்கவில்லை. ஏன் தெரியுமா? எர்த்தில் இல்லை, மிதந்துகொண்டுதான் இருந்தது என்று நீ சொல்லியிருந்தால்? அப்போது ஆம்ப் உண்மையாகவே கெட்டது என்று ஆகியிருக்கும். கேட்காமல் இருந்தால் எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நான் நிம்மதியாகக் கோபப்பட்டுக்கொண்டே இருக்கலாம். உன் எண்ணை முடக்கியதும் நீயாக வந்து சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

ரசாக்கிடம் இதைச் சொன்னேன். தேத்தாரே டீயைக் குவளைக்குக் குவளை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான், சந்தேகமே இல்ல லா" என்றார்.

போ. ஆனால் முழுப் பழியையும் நீயே தூக்கிக்கொண்டு போகாதே.

அண்ணன்


ஜெலாப்பாங்
24.6.2024

அண்ணே,

சொல்லிவிட்டேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். பிரசாதத் தட்டு கைமாறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றேன், உட்கார்ந்து யோசித்தால் கால் வராது என்று. பழைய தாளை கனகராஜ் அண்ணன் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார். அதை வாங்கி எல்லோருக்கும் படித்துக் காட்டி, இதில் எழுதியிருப்பது தப்பு, எரித்தது நான் என்றேன். பிரிட்ஜ், எர்த் எல்லாம் விளக்கினேன். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனால் நான் அழுதது புரிந்தது. உங்கள் கறுப்பு முனையைப் பற்றியும் சொன்னேன், நீங்கள் சொல்லச் சொன்னதாகவே.

கனகராஜ் அண்ணன் அந்தத் தாளை என்னிடமிருந்து திரும்ப வாங்கி மடித்தார். பிறகு இந்த வருடத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வேலையைப் பவியிடமே கொடுத்துவிடலாம் என்றார். தலைவரும் தலையாட்டினார். ஜூலை பதினான்காம் தேதி கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். எனக்கு அப்படியே ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஆனால் கிளம்பும் நேரத்தில் காளியம்மா அக்கா ஒன்று கேட்டார். அவர்தானே திருவிழாவில் பாடுகிறவர். "சரி தங்கச்சி, எரிச்சது நீ. அப்ப ஒத்திகையில கர்கர்னு கேட்டுச்சே, அது யாரு?"

எனக்குத் தெரியாதுக்கா என்று சொன்னேன். இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

உங்களுக்குத் தெரியுமா அண்ணே?

தினேஸ்


ஆயர் தாவார்
2.7.2024

தினேஸ்,

தெரியாது. அளக்க என்னிடம் கருவி ஏது? காதில் கேட்டுத்தான் கட்டினேன். ஒத்திகையன்று கர்கர் கேட்டபோது மைக்கைச் சொன்னேன், ஒயரைச் சொன்னேன், பேசுகிறவர்களைச் சொன்னேன். என் பெட்டியைச் சொல்லவில்லை.

அப்போது ஒரே வரைபடத்தில் இரண்டு செட் போர்டு செய்திருந்தேன். ஒன்றுதான் எரிந்தது. இன்னொன்று ரைஸ் குக்கர்களுக்குப் பின்னால் பெட்டியில் கிடந்தது. ஐந்து நாளாக உட்கார்ந்து முழு ஆம்பாக்கிவிட்டேன். எதையும் திருத்தவில்லை, அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. முனை இரண்டும் மட்டும் சிவப்பு.

அனுப்பியிருக்கிறேன். மிதக்கும் நிலையில் வைத்து அள. என்ன எண் வந்தாலும் அதை எழுது. அண்ணன் பாவம் என்று ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாதே.

பவி


ஜெலாப்பாங்
7.7.2024

அண்ணே,

மாட்டுவதற்கு முன்னால் சுவிட்சை மூன்று தடவை பார்த்தேன். சமையல் மேசையில் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் அளந்தேன்.

முதலில் நல்லது. அரை வோல்ட் கொடுத்தால் கெடுதல் 0.05 சதவீதம். ஒரு வோல்டுக்கும் அதேதான். கடையில் வாங்கும் பெரிய பெயர் ஆம்ப் இதைவிட மோசமாக அளப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்ஜ் பகுதி அருமை. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், சூடு கொஞ்சம்தான். அன்றைக்கு நான் அதைக் கொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் இருபது வருடம் உழைத்திருக்கும்.

இனி மற்றது. இரண்டு வோல்ட் கொடுத்தேன். ஒன்பது சதவீதம். கர்கர். வால்யூமைக் குறைத்தேன், சத்தம் குறைந்தது, கர்கர் குறையவில்லை. அதனால் அது பின்னால் இல்லை. வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே, உங்கள் ஆம்பின் இன்புட்டிலேயே அலையின் தலை நசுங்கிவிடுகிறது. உள்ளே வருவதை வெட்டிச் சின்னதாக்க அங்கே ஒன்றும் இல்லை. கோயிலில் மைக்குகளைச் சேர்க்கும் மிக்சர் இரண்டு வோல்டுக்கு மேலேயே தள்ளும். தலைவர் வேறு மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரி பிடிப்பார்.

ஆக, கமிட்டிக்குக் கேட்டது உண்மைதான். கர்கர் உங்கள் ஆம்பிலிருந்துதான் வந்தது.

இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இப்போதுதான் உங்கள் பெயரைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். இரண்டு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும், நானே போட்டும் பார்த்துவிட்டேன், மூன்று வோல்டுக்கும் 0.05தான். பதினான்காம் தேதி உங்களுக்கு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். திருவிழாவில் சத்தம் கண்ணாடி மாதிரி வரும். காளியம்மா அக்காவும் மறந்துவிடுவார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

நான் என்ன செய்யட்டும்?

தினேஸ்


ஆயர் தாவார்
10.7.2024

தினேஸ்,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே ரசாக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது சதவீதம் என்ற வரியைப் படித்ததும் முகம் சூடானது. என் காது அவ்வளவு மோசமா என்று தோன்றியது. பிறகு 0.05ஐப் படித்தேன். அதையும் இதையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்ததில் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

நீ சொன்ன இரண்டு ரெசிஸ்டரும் சரி. உன் கருவியின் வாசலில் ஒரு முழு வரிசையே இருந்ததை மே மாதம் பார்த்து அவ்வளவு மெச்சி உனக்கு எழுதினேன். என் ஆம்பின் வாசலில் இரண்டுகூட இல்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் உனக்குத் தெரியும். நான் மேடையருகே குமிழைத் திருகிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நீ கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டிருப்பாய். முன்பு எனக்கு எதிராகத் தப்பாக ஒரு தாள் எழுதினாய். இப்போது எனக்காக ஒன்றை எழுதாமல் விடப் பார்க்கிறாய். இரண்டும் வேண்டாம். இரண்டு வருடமாகப் பெயர், பெயர் என்று அடித்துக்கொண்டேன். அது பாதி பொய்யோடு திரும்பி வந்தால் எனக்கு எதற்கு?

நீ சொல்ல வேண்டாம். நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்து அங்கிருந்து சிம்பாங் பூலாய் வந்துவிடுவேன். எல்லோர் முன்னாலும் நின்று, எரித்தது என் தங்கச்சி, அது நிஜம், ஆனால் ஒத்திகையில் உங்களுக்குக் கேட்ட கர்கர் என்னுடையது, காளியம்மா அக்காவுக்குக் காது நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று சொல்லப்போகிறேன். அளந்த தாளையும் கொடுப்பேன், நல்ல எண்ணும் கெட்ட எண்ணும் சேர்த்தே. அதற்குப் பிறகு வேலையை எனக்குக் கொடுத்தாலும் சரி, வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் சரி. கொடுத்தால் சந்தோஷப்படுவேன், பொய் சொல்ல மாட்டேன்.

உன் எண்ணை நேற்றே விடுவித்துவிட்டேன். ஆனாலும் போன் அடிக்காதே. குரலைக் கேட்டால் ஞாயிறு வரைக்கும் எனக்கு இந்தத் துணிச்சல் தாங்காது.

ஒரே ஒரு உதவி. நான் பேசும்போது நடுவில் வார்த்தை தேடித் தடுமாறுவேன், எனக்குத் தெரியும். உடனே நீ எழுந்து, எங்க அண்ணன் என்ன சொல்ல வாராருன்னா என்று எனக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்துவிடாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

அண்ணன்
பவித்ரன்